பறவைங்க தண்ணி குடிக்க வச்ச தொட்டியை கழுவினதுக்கு நிமோனியா வருமா டாக்டர்?

தொட்டியை தூக்கிப் போட வேணாம்மா. தலையில பறவை பேன் ஏறிடுச்சோன்னு பயப்படாதீங்க, அது மனுஷ உடம்புல தங்கி பெருகாது. கை எரியுறது வெறும் கையால ப்ளீச் தொட்டதால, அடுத்த தடவ கிளவுஸ் போடுங்க. நீங்க உள்ளுக்குள்ள பயந்துட்டு இருக்கிறது உங்க கடிதத்தோட கடைசி வரிதான், "எச்சத்தால நிமோனியா வரும்னு நெட்ல இருக்கு, நாலு நாள் முன்னாடிதான் தொட்டிய சுரண்டினேன், எக்ஸ்ரே எடுக்கணுமா, வீட்ல இருந்த அமாக்சிசிலின் 3 நாளா போடுறேன்".

காய்ச்சல் இல்ல இருமல் இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்புறம் எதுக்கு எக்ஸ்ரே, எதுக்கு மாத்திரை? இன்னிக்கே நிறுத்துங்க.

நெட்ல நீங்க பாத்தது சிட்டகோசிஸ், பறவைங்ககிட்ட இருந்து மனுஷனுக்கு வர்ற ஒரு பாக்டீரியா தொற்று. அபூர்வம்தான், ஆனா உண்மை. கிளி, புறா எச்சத்துல அந்த பாக்டீரியா இருக்கலாம், எச்சம் காஞ்சு தூளாகி மூச்சோட உள்ள போனாதான் முக்கியமா ஆபத்து. நீங்களோ தண்ணிய கொட்டிட்டு ஒரு நாள் வெயில்ல காயவச்சு அப்புறம் கம்பி பிரஷ்ல சுரண்டுறீங்க, விளிம்புல ஒட்டின வெள்ளை எச்சமெல்லாம் மாவு மாதிரி கிளம்பும், குனிஞ்சிருக்கிற உங்க மூக்கு சரியா அதுக்கு மேல. மாத்த வேண்டியது இத மட்டும்தான். முதல்ல தண்ணி ஊத்தி ஊறவிடுங்க, மாஸ்க் போட்டு ஈரத்தோட தேய்ங்க, அப்புறம் 1 பங்கு ப்ளீச் 9 பங்கு தண்ணியில 10 நிமிஷம் விட்டு வாடை போற வரைக்கும் அலசுங்க. பாசி போகலன்னு ப்ளீச்சோட ஆசிட் கலந்துடாதீங்க, குளோரின் வாயு கிளம்பி நுரையீரலையே புண்ணாக்கிடும்.

இப்ப நான் சொல்றத மட்டும் மறக்காதீங்க. சுரண்டின நாள்ல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல், மண்டைய பிளக்குற தலைவலி, வறட்டு இருமல், இதுல எது வந்தாலும் உடனே டாக்டர்கிட்ட போங்க, போனதும் "பறவை எச்சம் சுத்தம் பண்ணேன்"னு நீங்களே வாயத்திறந்து சொல்லுங்க, ஏன்னா கூட்டத்துல நாங்க கேக்காம விட்டுடுவோம், சாதாரண நிமோனியான்னு நினைச்சு வேற மருந்து எழுதிடுவோம். மூச்சு வாங்குச்சுன்னா மறுநாள் பாக்கலாம்னு படுக்காதீங்க. இந்த கிருமி நம்ம செல்லுக்குள்ள பூந்து வளர்றது, அமாக்சிசிலின் இதுக்கு கேக்காது, வழக்கமா டாக்ஸிசைக்ளின்தான் கொடுப்போம். அதையும் நீங்களா வாங்கிடாதீங்க, கர்ப்பிணிக்கும் சின்னப் பசங்களுக்கும் யோசிச்சுதான் எழுதுவோம்.

தண்ணிய ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்துங்க. சும்மா கொட்டினா பத்தாது, டெங்கு கொசு முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல சுவத்துல ஒட்டிக்கும், காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், அதனால விளிம்ப தேய்க்கணும். பையன் தொட்டித் தண்ணியில விளையாடினா சோப்பு போட்டு கை கழுவாம எதையும் வாயில வைக்க விடாதீங்க, எச்சத்துல இருக்கிற சால்மொனெல்லா கிருமி வயித்துக்குள்ள போனா வாந்தி பேதிதான். அப்புறம் அந்த பிரஷ்ஷ சமையலறை சிங்க்ல கழுவுறத இன்னியோட விடுங்க.