முதல் 60 பைட் மட்டும் ஏன் பழசாக வருகிறது?

சேலம் சூரமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஏற்காட்டு எஸ்டேட்டுகளுக்குக் காபிக்கொட்டை தரம் பிரிக்கும் இயந்திரம் செய்கிறார்கள். கேமரா எடுக்கும் படங்கள், அவர்களே எஃப்பிஜிஏவில் (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) உருவாக்கிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்டோரேஜ் கார்டில் பதிவாகின்றன. அதன் லினக்ஸ் டிரைவர் இவர் எழுதியது. ஆபீஸ் பிசியில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய கார்டை 64 பிட் ஆர்ம் போர்டில் செருகியதும், லோடு ஏறும்போது மட்டும், படிக்கிற 512 பைட் ஹெடரின் முதல் 60 பைட்டில் முந்தைய லாட்டின் விவரம் வந்து நிற்கிறது. 61வது பைட்டிலிருந்து எல்லாம் சரி. மெமரி பேரியர் போட்டுப் பார்த்தார், பலனில்லை. டிஎம்ஏவுக்கு (சிபியு நடுவில் இல்லாமல் கார்டே நேராக மெமரியில் எழுதிப் படிப்பது) பஃபரை மேப் பண்ணும், அதாவது கார்டிடம் ஒப்படைக்கும், திசையை இருவழியாக மாற்றச் சொல்லி ஒரு நண்பர் சொன்னாராம், மாற்றலாமா என்பது முதல் கேள்வி. எஸ்ஜி பட்டியலை (மெமரியில் சிதறிக் கிடக்கும் பஃபர் துண்டுகளின் பட்டியல்) அன்மேப் பண்ணும்போது, அதாவது கார்டிடமிருந்து திரும்ப வாங்கும்போது, எந்த எண்ணிக்கையைக் கொடுப்பது என்பது இரண்டாவது.

மாற்ற வேண்டாம், அதனால் இது தீராது. அந்த 60 என்ற எண்ணையே பிடித்துக்கொண்டு போங்கள், அது நேராகக் குற்றவாளியிடம் கொண்டுபோய் விடும்.

நீங்கள் அனுப்பிய ஸ்ட்ரக்டில் முதலில் 4 பைட் கவுண்டர், அதை ஒட்டியே 512 பைட் ஹெடர் பஃபர். அந்த போர்டின் ப்ராசஸரில் கேச் லைன் (சிபியு மெமரியிலிருந்து கேச்சுக்கு ஒரே மூச்சில் எடுக்கும் அளவு) 64 பைட். 64ல் கவுண்டருக்கு 4 போனால் மிச்சம் 60. அதாவது உங்கள் கவுண்டரும் பஃபரின் முதல் 60 பைட்டும் ஒரே கேச் லைனில் குடியிருக்கின்றன. கார்டு டேட்டாவை மெமரியில் இறக்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ரிக்வெஸ்ட் வருகிறது, கவுண்டர் ஒன்று கூடுகிறது. கூட்டுவது 4 பைட்டைத்தான், ஆனால் சிபியு அந்த லைன் முழுவதையும் கேச்சுக்கு இழுத்து வைத்துத்தான் திருத்தும், அதில் பழைய 60 பைட்டும் கூடவே வந்துவிடுகிறது. அப்புறம் அன்மேப் நடக்கும்போது, பஃபரின் ஓரத்தில் பாதி லைன் அடுத்தவருடையது என்பதால் ஆர்ம் 64 கர்னல் அதை வெறுமனே தூக்கிப் போடாது. மெமரியில் எழுதிவிட்டுத்தான் கழிக்கும். கார்டு இறக்கிய புது 60 பைட்டின் மேல் பழசு ஏறிவிடுகிறது. லீ பஜார் மண்டியில் ஒரு கணக்குப்பிள்ளை பேரேட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு போய், அதில் ஒரே ஒரு வரியைத் திருத்தி, சாயங்காலம் வந்து பழைய பக்கத்தின் மேல் ஒட்டிவிட்டால், மத்தியானம் மற்றவர் எழுதிய வரிகள் என்ன ஆகும்? அதேதான் இது.

கடைசி 4 பைட்டும் அடுத்த உறுப்போடு ஒரு லைனைப் பகிர்ந்துகொள்கிறது. அந்த உறுப்பை டிரைவர் ஏறும்போது ஒரு முறை எழுதுவதோடு சரி என்பதால் அது தப்பித்தது, அவ்வளவுதான். பிசியில் ஏன் வரவில்லை என்றால், எக்ஸ்86ல் டிஎம்ஏ நடக்கும்போது ஹார்ட்வேரே கேச்சைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும், உங்கள் போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் பக்கம் அந்த வசதி இல்லை. நீங்கள் போட்ட பேரியர், படிப்பதும் எழுதுவதும் நடக்கும் வரிசையை மட்டும்தான் காக்கும், கேச்சைத் துடைக்காது.

தீர்வு சின்னது. ஹெடர் பஃபரை ஸ்ட்ரக்டிலிருந்து வெளியே எடுத்து, கர்னலில் மெமரி ஒதுக்கித் தரும் கேமல்லாக்கில் தனியாக வாங்கி, ஸ்ட்ரக்டில் பாயின்டரை மட்டும் வையுங்கள். மேப் பண்ணியதிலிருந்து அன்மேப் பண்ணும்வரை அந்த பஃபர் கார்டின் சொத்து. எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம். நடுவில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் சிபியுவுக்கான சிங்க் ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டுப் பாருங்கள், திருப்பிக் கொடுக்கும்போது டிவைஸுக்கான சிங்க். உங்கள் இன்டரப்ட் ஹேண்ட்லரில் அன்மேப்புக்கு முன்பே லாட் நம்பரைப் படிக்கிறீர்கள், அதையும் கீழே இறக்குங்கள். எல்லாவற்றையும் கோஹெரன்ட் மெமரியில் (சிபியுவும் கார்டும் எப்போதும் ஒரே டேட்டாவைப் பார்க்கும் மெமரி) வைத்துவிடலாமே என்று அடுத்து கேட்பீர்கள். கமாண்ட் வரிசைகளுக்கு அது சரி, பட டேட்டாவுக்கு வேண்டாம். இந்த மாதிரி போர்டில் அது கேச் இல்லாத மெமரியாக வரும், சிபியு படிக்கும்போது ஏற்காடு கொண்டை ஊசியில் ஏறும் லோடு லாரி மாதிரி திணறும்.

எஸ்ஜி விஷயம். மேப் ஃபங்ஷன் திருப்பித் தரும் எண்ணிக்கை நீங்கள் கொடுத்ததைவிடக் குறையலாம், ஐஓஎம்எம்யு (கார்டு போடும் முகவரியை மெமரி முகவரியாக மாற்றித் தரும் ஹார்ட்வேர்) இருந்தால் அடுத்தடுத்த துண்டுகள் ஒட்டிவிடும். கார்டுக்கு நிரப்பும்போது திரும்பி வந்த எண்ணிக்கை, அன்மேப்புக்கு முதலில் நீங்கள் கொடுத்த எண்ணிக்கை. ஐஓஎம்எம்யு இல்லாத பிசியில் இரண்டும் ஒன்றாகவே இருந்துவிடுவதால் பல பேர் இதில் வருஷக்கணக்கில் தப்பாக எழுதியும் தெரியாமலே இருக்கிறார்கள். 0 வந்தால் மேப் ஆகவில்லை என்று அர்த்தம்.

உங்கள் கார்டு 32 பிட் முகவரிதான் போடும் என்றால் டிஎம்ஏ மாஸ்கில் (கார்டு எட்டக்கூடிய முகவரியின் வரம்பு) கர்னலிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். 4 ஜிபிக்கு மேலிருக்கும் பஃபரை கர்னல் நடுவில் ஒரு இடத்தில் வைத்துக் காப்பியடித்துக் கொடுக்கும். வழக்கமாக அதற்கு ஒதுக்குவது 64 எம்பிதான், உங்கள் படங்கள் சீக்கிரம் நிரப்பிவிடும். ஸ்டாக்கில் இருக்கும் மாறிகளை மேப் பண்ணவே வேண்டாம், கர்னல் 4.9லிருந்து எக்ஸ்86ல் ஸ்டாக்கே வேறு இடத்துக்குப் போய்விட்டது, ஆர்மும் பின்னாலேயே வந்துவிட்டது.

கர்னலின் டிஎம்ஏ டீபக் வசதியைப் போட்டு ஓட்டுங்கள், எஸ்ஜி எண்ணிக்கைத் தப்பை அது பிடித்துவிடும். ஆனால் கவுண்டர் விவகாரத்தை அது பிடிக்காது, சிபியு பக்கத்தில் எழுதுவது அதற்குத் தெரியாது. அதற்கு வேறொரு சோதனை இருக்கிறது, எதையும் சரிசெய்வதற்கு முன் செய்து பாருங்கள்: கவுண்டரை 8 பைட்டாக மாற்றி அதே லோடைக் கொடுங்கள். பழசாக வருவது 56 பைட்டாகக் குறைந்தால் நான் சொன்னதுதான் காரணம், குறையாவிட்டால் ஸ்ட்ரக்டை முழுசாகவும் மேப் பண்ணும் இடத்தையும் சேர்த்து அனுப்புங்கள், இன்னொரு தடவை பார்க்கிறேன்.