பாக்கின் ஃபியூகை பிராஸ் குழு வாசிக்கும்போது எதைக் கவனித்துக் கேட்பது?

கேள்வி: ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் (தந்திகளை மீட்டும் பழைய விசைப்பலகைக் கருவி) எழுதியதை பிராஸ் குவின்டெட் (ஐந்து பித்தளை ஊதுகருவிகள் கொண்ட குழு) வாசிக்கும் பதிவுகளைக் கேட்கிறேன். எல்லாம் சேர்ந்து ஒரே முழக்கமாகப் படுகிறது. எங்கே தொடங்குவது?

ஆர்கனுக்கான ஜி மைனர் ‘சிறிய’ ஃபியூகில் (பாக் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 578) தொடங்குங்கள். ஃபியூக் என்பது ஒரே கருப்பொருளைப் பல குரல்கள், அதாவது தனித்தனி இசை வரிகள், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம். ஏறத்தாழ நான்கு நிமிடம்தான். கனடியன் பிராஸ் குழுவின் முன்னாள் டிரம்பெட் கலைஞர் ரொனால்ட் ராம் இதைக் குவின்டெட்டுக்கு மாற்றி எழுதியிருக்கிறார். முதலில் ஆர்கனில் ஒருமுறை கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள்.

கருப்பொருள் ஜியிலிருந்து டிக்கு ஏறி, பி ஃபிளாட்டுக்கு இறங்கி நிதானமாகத் தொடங்கும், போகப்போக வேகம் பிடிக்கும். அதை முணுமுணுக்கும் அளவுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள், மீதி எளிது. முதல் ஐந்து பார் (தாளச் சுற்று) அது தனியாகவே ஒலிக்கும். ஆறாவது பாரில் இரண்டாம் குரல் அதையே டி மைனரில் எடுக்கும். பிறகு மூன்றாவது, கடைசியில் அடிக்குரல். மேலிருந்து கீழாகப் படிப்படியாக இறங்கும் வரிசை இது. ஆர்கனில் மேல் மூன்று குரலும் பெரும்பாலும் ஒரே நிறத்தில் ஒலிப்பதால் பழகாத காதுக்கு இழை பிரியாது. இங்கே டிரம்பெட், ஹார்ன், டிரோம்போன், டியூபா என்று நிறமே வேறு வேறு. முழக்கம் என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் மேலே ஒலிக்கும் டிரம்பெட்டை மட்டும் பின்தொடர்வதால் வருவது. அடுத்த முறை ஹார்னை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பாருங்கள்.

ஹெட்ஃபோன் அவசியம். கைபேசி ஒலிபெருக்கியில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் வராது, ஆர்கன் வாசிப்பவர் காலால் மிதிக்கும் வரியைத் தூக்கிச் சுமக்கும் டியூபா அங்கேதான் இருக்கிறது. எதிரொலி அதிகமுள்ள தேவாலயப் பதிவுகளைத் தொடக்கத்தில் தள்ளிவையுங்கள், வேகமான சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொட்டிக் குழம்பிவிடும்.

இந்த மாற்றத்தில் பெரிய சிக்கல் மூச்சு. ஆர்கனுக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை, அதனால் பாக் இடைவெளியே விடாமல் எழுதிக்கொண்டு போவார். நான்கு குரல் ஃபியூகை ஐந்து பேர் வாசித்தால் எப்போதும் ஒருவருக்கு ஓய்வு கொடுக்கலாம், வரியை நடுவில் கைமாற்றவும் செய்யலாம். நல்ல மாற்றத்தில் அந்த ஒட்டு வலுவான அடியில் விழும். விடுபவரும் வாங்குபவரும் ஒரு சுரத்தைச் சேர்ந்து வாசிப்பார்கள். இதைத் தவறவிட்டால் வரி அந்த இடத்தில் இடறும், ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு மறக்க முடியாது. இன்னொரு பிழை நீண்ட சுரத்தை ஊதிப் பெருக்குவது. ஹார்ப்சிகார்டில் சுரம் தட்டியவுடனே தேயத் தொடங்கும். அதைப் பித்தளையில் பெருக்கினால் அதற்கு அடியில் நகரும் குரல் மூழ்கிவிடும்.

பியானோவில் சிக்குவது பிராஸில் அவிழும் இடங்களும் உண்டு. 1741-இல் அச்சான கோல்ட்பெர்க் மாறுபாடுகள் இரண்டு விசைப்பலகை கொண்ட ஹார்ப்சிகார்டுக்கு எழுதியவை. ஐந்தாவதில் கைகள் ஒன்றையொன்று தாண்டிக்கொண்டே இருக்கும். பியானோவின் ஒற்றைப் பலகையில் அவை முட்டிக்கொள்ளும், தனித்தனிக் கருவிக்குக் கொடுத்தால் முட்டலே இல்லை. ஆனால் 28-ஆவதில் ஓயாமல் அதிரும் டிரில்கள் (அடுத்தடுத்த இரு சுரங்களை விரைவாக மாற்றி மாற்றி வாசிப்பது) விசைகளுக்கே உரியவை. அதற்கு ஹார்ப்சிகார்டையே கேளுங்கள்.

வால்வு வைத்த டிரம்பெட் 1810-களில்தான் வந்தது, ஆகவே இந்த ஒலி பாக் காலத்தது அல்ல. ஆனால் பித்தளையில் ஃபியூக் என்பது அவருடைய ஊருக்கே புதிதில்லை. பிற்பாடு அவரிடம் டிரம்பெட் வாசித்த லைப்சிக் நகர இசைஞர் கொட்ஃபிரீட் ரைஷே, கோபுரத்திலிருந்து வாசிக்க ஒரு கார்னெட், மூன்று டிரோம்போன்களுக்கு எழுதிய 24 சிறு உருப்படிகளை 1696-லேயே அச்சிட்டார். அவற்றிலும் ஃபியூக் உண்டு. (கார்னெட் மட்டும் மரக்குழல்.)

இந்த ஜி மைனர் ஃபியூக் கடைசி கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) மேஜராக மாறும், பி ஃபிளாட் பி ஆகும். பியானோவில் அந்த பி நிலையான உயரத்தில் நிற்கும், தூய மூன்றாம் சுரத்தைவிடச் சுமார் 14 சென்ட் (அரைச்சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதல். பிராஸ் வாசிப்பவர் உதட்டாலோ, டிரோம்போனாக இருந்தால் ஸ்லைடாலோ அதை இறக்க முடியும். இறங்கியதும் கார்டில் இருந்த நடுக்கம் நின்று ஒலி சட்டென்று அகலும். அந்த ஒரு நொடிக்காகக் கடைசி இரண்டு பாரைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேளுங்கள்.