பத்திரம் ஆகும், வீடு கட்ட முடியுமா? சேலம் மனை, போக்கியம், வாடகை: கேள்வி பதில்

சீலநாயக்கன்பட்டி வாசகர்: அண்ணா, பைபாஸ் தாண்டி 1,200 சதுர அடி மனை பாதி விலைக்கு வருது. அப்ரூவல் இல்லை. ஆனா 2012-லயே ஒரு தடவை கிரயம் ஆனதால பத்திரம் சிக்கலில்லாம முடியும்னு புரோக்கர் சொல்றார். வாங்கலாமா?

புரோக்கர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிய பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை போடுகிறது. 20.10.2016-க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவானவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே பத்திரம் ஆகிவிடும். கட்டட அனுமதி வேறு கதை. அங்கீகாரம் இல்லாத மனைகளை முறைப்படுத்தும் 2017 வரன்முறை விதிகளின்படி அந்த மனை வரன்முறை ஆகாமல் கட்டடப் பிளானுக்கு அனுமதி கிடைக்காது. பிளான் இல்லாமல் வங்கி வீட்டுக் கடன் தராது. அந்தப் பாதி விலை அதற்குத்தான்.

விற்பவரிடம் இரண்டு ஆணைகளைக் கேளுங்கள். ஒன்று, மொத்த லேஅவுட்டுக்கான கட்டமைப்பு ஒப்புதல். அதன் வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்க வேண்டும். இன்னொன்று, தனி மனைக்கான வரன்முறை ஆணை. முதலாவதை மட்டும் நீட்டி "எல்லாம் அப்ரூவ்டு" என்பார்கள், அது போதாது. இரண்டாவது இல்லையென்றால் விற்பவரையே வாங்கித் தரச் சொல்லுங்கள். அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். கட்டணம் பாக்கியிருந்தால் யார் கட்டுவது என்பதையும் விலை பேசும்போதே முடித்துவிடுங்கள்.

கொண்டலாம்பட்டி வாசகர்: எங்க லேஅவுட் அங்கீகாரம் பெற்றதுதான் சார். அப்படியும் ரோடு, சாக்கடை, தெருவிளக்கு எதுவும் வரலை. மனு கொடுத்தா "ரோடு ஒப்படைக்கலை"ன்னு சொல்றாங்க.

சாலையையும் பூங்கா இடத்தையும் லேஅவுட் போட்டவர் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் திறந்தவெளிக்கென 10 சதவீத நிலத்தையே கொடுத்தாக வேண்டும், பணமாகக் கட்டித் தப்ப முடியாது. தானப்பத்திரம் இல்லாத வரை அந்த ரோடு காகிதத்தில் தனியார் நிலம்தான். தனியார் நிலத்தில் மாநகராட்சி தார் போட்டால் தணிக்கையில் மாட்டும், அதனால் தொடமாட்டார்கள்.

பதிவுத்துறை இணையதளத்தில், உங்கள் மனைக்கு இல்லாமல் லேஅவுட்டின் மூல சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். லேஅவுட் போட்ட ஆண்டிலிருந்து தேடினால் போதும். ஆணையர் அல்லது ஊராட்சித் தலைவர் பெயருக்குத் தானம் பதிவாகியிருந்தால், அந்த ஆவண எண்ணைக் குறிப்பிட்டு மண்டல அலுவலகத்தில் மனு கொடுங்கள். இல்லையென்றால் மனைதாரர்கள் சேர்ந்து லேஅவுட் போட்டவரைப் பிடிக்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால், தானப்பத்திர எண்ணைப் பார்க்காமல் ஒரு மனைக்கும் உள்ளாட்சி அனுமதி கொடுக்கக் கூடாது. புறநகரில் மனை மலிவாகத் தெரிவதும், பிறகு லாரித் தண்ணீருக்கும் மண் ரோட்டுக்கும் வருடக்கணக்கில் அழுவதும் இந்த ஓட்டையால்தான்.

பொன்னம்மாபேட்டை வாசகி: 5 லட்சம் போக்கியத்துக்கு வீடு வருதுங்க, மூணு வருஷம், வாடகை கிடையாது. ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்ங்கறார் வீட்டுக்காரர்.

போதாதுங்க. பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கக் கொடுப்பது சட்டப்படி அடமானம். 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட அப்படிப்பட்ட அடமானத்தைப் பதிந்தே ஆக வேண்டும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 59-வது பிரிவு. பதியாத தாளைக் கடன் கொடுத்ததற்கு அத்தாட்சியாகக் காட்டலாம், வீட்டின்மேல் உரிமை கேட்க முடியாது.

அதைவிடப் பெரிய பள்ளம் வங்கிக் கடன். வீட்டின்மேல் ஏற்கெனவே கடன் இருந்து, வீட்டுக்காரர் தவணையை நிறுத்தினால், வாராக் கடனை வசூலிக்கும் சர்ஃபாசி சட்டத்தில் வங்கி வீட்டை எடுத்துவிடும். உங்கள் 5 லட்சம் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும். 30 வருடத்துக்கு வில்லங்கம் எடுங்கள். "உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு" என்று ஒரு பதிவு இருந்தால் அது வங்கி அடமானம். அதற்குப் பிறகு "ரசீது" பதிவாகியிருந்தால்தான் கடன் தீர்ந்ததாக அர்த்தம். அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலக நகலைக் காட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள்.

கூட்டுப் பட்டா என்றால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதெல்லாம் வேண்டாம், பவர் பத்திரம் வரட்டும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். கடனாக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, நாளை நீதிமன்றத்தில் உங்களுக்கும் வங்கிப் பதிவே சாட்சி. பணம் திரும்பும் நாளில்தான் சாவி திரும்பும் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

அஸ்தம்பட்டி வாசகர்: வாடகை 9,000, அட்வான்ஸ் 90,000 கேட்கிறாங்க. மூணு மாசம்தானே சட்டம்?

ஒப்பந்தத்தில் வேறாக எழுதாத வரை மூன்று மாதம். பத்து மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதியுங்கள். பதியாமல் சண்டைக்குப் போனால் காகிதம் எடுபடாது. பெயிண்ட், கரண்ட் பாக்கி பிடித்தம் எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அயோத்தியாப்பட்டணம் வாசகி: கலைஞர் கனவு இல்லத்துல 3.5 லட்சம் தர்றாங்களே, எங்களுக்கு ஏன் இல்லைங்கறாங்க?

அது ஊராட்சிகளுக்கான ஊரகத் திட்டம். நீங்கள் பேரூராட்சி, எனவே நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-தான் வழி. குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் நிரந்தர வீடு இருக்கக் கூடாது, சொந்த மனையில் கட்டுவதற்குப் பட்டா வேண்டும். கடந்த 20 வருடத்தில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன்பெற்றிருந்தாலும் கிடையாது. தரைப்பரப்பு 30 முதல் 45 சதுர மீட்டர், அதாவது சுமார் 485 சதுர அடிக்குள். எல்லோரும் இடறுவது இங்கேதான். "பிறகு சேர்த்துக் கட்டிக்கலாம்" என்று கடைக்காலையே பெரிதாகப் போட்டுவிடுவார்கள். பணம் வேலையின் நிலையைப் படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகே தவணையாக வரும், அளவு மீறினால் அடுத்த தவணை நிற்கும்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: மனை விலை 18 லட்சம், அரசு வச்சிருக்கிற வழிகாட்டி மதிப்பு 12 லட்சம். எதுக்குப் பத்திரச் செலவு? 12-க்கே போட்டுடலாம்ங்கறாங்க.

இரண்டில் எது அதிகமோ அதற்கு. முத்திரைத்தாள் 7, பதிவு 2, மொத்தம் 9 சதவீதம். 18 லட்சத்துக்கு 1,62,000 ரூபாய். 12-க்குப் போட்டால் 54,000 மிச்சம்தான், ஆனால் வங்கி 12 லட்சத்தைத்தான் விலையாக எடுக்கும். மீதி 6 லட்சம் கணக்கில் வராத ரொக்கம். விற்பவர்தான் மாட்டுவார் என்று நினைக்காதீர்கள், நீங்கள் விற்கும்போது லாபமும் 12-லிருந்தே கணக்காகும்.

ஏற்காடு அடிவார வாசகர்: மலைமேல 10 சென்ட் வாங்கி வீடு கட்டலாம்னு ஆசை.

முதலில் அரசு அந்த நிலத்தை யாருக்கு ஒப்படை செய்தது என்று பாருங்கள். மலையாளி என்ற மலைவாழ் பழங்குடியினருக்கு நிபந்தனையோடு கொடுத்த பட்டாவாக இருந்தால் விலை பேசவே வேண்டாம். அடுத்து, மலையிடப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் வரும் கிராமமா என்று கேளுங்கள். வந்தால் வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறைத் தடையின்மைச் சான்றுகள் இல்லாமல் பிளான் நகராது. சரிவை ஜேசிபி விட்டுச் சமப்படுத்திவிட்டு மனு கொடுப்பவர்கள் அதனாலேயே மறுக்கப்படுகிறார்கள்.