அப்பா பிழைப்பாரா: தீவிர சிகிச்சைப் பிரிவில் சொல்லப்படும் கணிப்பை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. நிமோனியா முற்றி, ஐந்து நாட்களாக வென்டிலேட்டரில் இருக்கிறார். "நம்பிக்கை குறைவு" என்கிறார் மருத்துவர். இரவுப் பணியில் இருக்கும் செவிலியரோ, "நேற்றைக்கு இன்று பரவாயில்லை" என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். செவிலியர் சொன்னது நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே தாம் கண்ட மாற்றத்தை; மருத்துவர் சொன்னது இனி வரப்போகும் வாரங்களை. எனவே, எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் தந்தையைப் போன்ற நோயாளிகளைப் பற்றி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஓர் ஆய்வு நடந்து, 2017இல் வெளியானது. மூன்று மருத்துவமனைகளின் ஐந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், வென்டிலேட்டரிலோ இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்திலோ இருந்த 303 பேரைப் பற்றி, அவர்களைக் கவனித்த மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் தனித்தனியே கேட்டார்கள். மருத்துவமனையிலேயே இறந்துவிடுவாரா, ஆறு மாதம் கழித்து உயிரோடு இருப்பாரா, தம் வீட்டுக்குத் திரும்புவாரா, துணையின்றிக் கழிப்பறை செல்வாரா, பத்துப் படி ஏறுவாரா, நினைவும் சிந்தனையும் தெளிவாக இருக்குமா என்பவையே அந்தக் கேள்விகள். ஆறு மாத முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 57 சதவீதம்.

மருத்துவர்களின் கணிப்பு மிகச் சரியாக அமைந்தது ஆறு மாத உயிர்பிழைப்பைப் பற்றித்தான். ஆனாலும், அந்த ஆய்வின் எண்களிலிருந்து கணக்கிட்டால், இறந்துவிடுவார் என்று அவர்கள் சொன்ன நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பிழைத்திருக்கிறார். பிழைப்பார் என்று சொன்னவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்திருக்கிறார். செவிலியர்களின் கணிப்பு மருத்துவமனைக்குள் நேரும் இறப்பைப் பற்றிய கேள்வியில்தான் நன்றாகப் பொருந்தியது. நினைவாற்றலும் சிந்தனையும் எப்படி இருக்கும் என்பதில் இரு தரப்பினருமே தடுமாறினார்கள். அதில் செவிலியர்களின் கணிப்பு குருட்டு ஊகத்தைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். ஆகவே, "பிழைத்தாலும் பழையபடி இருக்க மாட்டார்" என்று யாராவது அடித்துச் சொன்னால், அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்தி வேறொன்று. தம் கணிப்பில் உறுதியாக இருந்த மருத்துவர்கள் சொன்னதே கூடுதலாகப் பலித்தது. "எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள், டாக்டர்?" என்று கேட்பதை அவமரியாதை என்று நம்மில் பலர் தயங்குகிறோம். தயங்க வேண்டாம், பதிலின் எடையை அறிய அதைவிட நல்ல கேள்வி இல்லை.

ஆறு உறுப்பு மண்டலங்களுக்குத் தலா 0 முதல் 4 வரை புள்ளியிட்டு, அவை எவ்வளவு பழுதாகியிருக்கின்றன என்று அளக்கும் சோஃபா (SOFA) போன்ற மதிப்பெண் முறைகளும் உண்டு. அவை பெருந்திரளான நோயாளிகளைப் பற்றிப் பேசுவதற்கு உதவுபவை. தனி ஒருவரின் விதியை அந்த எண் சொல்லிவிடாது. பிலடெல்பியாவிலும், பரிசோதனை அளவீடுகளோடு மருத்துவர், செவிலியர் இருவரின் கணிப்பையும் சேர்த்தபோதுதான் உயிர்பிழைப்பைப் பற்றிய கணக்கு கூடுதலாகப் பொருந்தியது. எனவே அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து நம்புவதை விட்டுவிட்டு, இருவரும் உடனிருக்கும் ஒரு சந்திப்பைக் கேட்டுப் பெறுங்கள். கருத்து வேறுபட்டால் காரணத்தை அங்கேயே கேளுங்கள்.

கணிப்பு தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது: பிழைக்க மாட்டார் என்று நினைத்துச் சிகிச்சையைக் குறைத்தால், அந்த நினைப்பு சரியா தவறா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இதயத்துடிப்பு நின்றுபோய் மீட்கப்பட்டும் நினைவு திரும்பாத நிலையில் இருக்கும் நோயாளிகளுக்குக்கூட, துடிப்பு மீண்டதிலிருந்து குறைந்தது 72 மணி நேரம் பொறுத்தே மூளையின் நிலையைக் கணிக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் தந்தைக்கும், "இன்னும் இத்தனை நாள் முழுச் சிகிச்சை அளிப்போம், ஆக்சிஜன் தேவையும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து மறுபடி பேசுவோம்" என்று ஒரு கெடு வைக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

அந்தச் சந்திப்பில் நீங்கள் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. நோய் வருவதற்கு முந்தைய மாதம் அவர் எவ்வளவு தூரம் நடந்தார், தம் வேலைகளைத் தாமே செய்துகொண்டாரா, எப்படிப்பட்ட நிலையில் வாழ விரும்ப மாட்டேன் என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்பதெல்லாம் எந்தப் பரிசோதனை அறிக்கையிலும் இருக்காது. மருத்துவர் கேட்காவிட்டாலும் அவற்றை நீங்களே முன்வந்து சொல்லுங்கள்.