‘எல்லா டிஸ்க்கும் ஓடும்’ என்று சொன்னவர்தான் பதில் சொல்ல வேண்டும்

கேள்வி: என் அப்பா 2007-ல் திருக்கடையூரில் நடந்த அறுபதாம் கல்யாணம் முதல் பேரன் காதுகுத்து வரை எல்லாவற்றையும் வீட்டில் இருந்த பானசோனிக் டிவிடி ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்திருந்தார். அவர் இப்போது இல்லை, ரெக்கார்டரும் பழுதாகிவிட்டது. இரண்டு மாதம் முன்பு, பழைய எலக்ட்ரானிக்ஸ் விற்கும் கடையில் வேறு பிராண்டு ரெக்கார்டர் ஒன்றை ரூ.11,000 கொடுத்து வாங்கினேன். "பானசோனிக்கில் எடுத்த டிஸ்க் ஓடுமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு "எல்லா டிஸ்க்கும் ஓடும்" என்றார்கள். 14 டிஸ்க்கில் 5 மட்டுமே ஓடுகின்றன. மறுநாளே திருப்பி எடுக்கக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். பிறகு உள்ளூர் கடை ஒன்றில் பென்டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி நான்கு டிஸ்க் கொடுத்தேன். அதில் ஒன்று வெற்று டிஸ்க்காகத் திரும்பி வந்தது. ‘பதிவுகளுக்குக் கடை பொறுப்பல்ல’ என்று ரசீதில் இருக்கிறது. யார் மீது வழக்குப் போடலாம்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வழக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். மீதி டிஸ்க்குகளை இனி வேறு பிராண்டு ரெக்கார்டர் எதிலும் போடாதீர்கள். ரெக்கார்டர் என்பது எழுதும் கருவி. தனக்குப் புரியாத டிஸ்க் உள்ளே வந்தால் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். அவசரத்தில் யாராவது ஓகே அழுத்தினால், திரும்ப எழுதக்கூடிய டிஸ்க்கில் இருக்கும் பதிவு போய்விடும். வெற்றாகத் திரும்பி வந்த உங்கள் டிஸ்க்குக்கும் அநேகமாக இதுதான் நடந்திருக்கும். அதன் மேல்பக்கத்தில் ‘ஆர்டபிள்யூ’ (RW, திரும்ப எழுதக்கூடியது) என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள்.

அந்த 9 டிஸ்க் ஏன் ஓடவில்லை என்பது உங்கள் வழக்குக்கும் முக்கியம். எல்லாமே டிவிடி என்று சொல்லப்பட்டாலும் அந்தக் காலத்தில் கம்பெனிகள் மூன்று பக்கமாகப் பிரிந்து நின்றன. பயனியர் போன்றவை மைனஸ் ஆர் (DVD-R) வகையை முன்னிறுத்தின, பிலிப்ஸ் பிளஸ் ஆர் (DVD+R) வகையை, பானசோனிக் டிவிடி ராம் (DVD-RAM) வகையை. ராம் டிஸ்க்கைப் பல பிளேயர்கள் படிக்கவே படிக்காது. அடுத்தது ‘ஃபைனலைஸ்’. வீட்டு ரெக்கார்டரில் மைனஸ் ஆர் டிஸ்க்கில் பதிவு செய்து முடித்ததும் மெனுவுக்குப் போய் அதை ஃபைனலைஸ் செய்தால்தான் மற்ற பிளேயர்களுக்குப் புரியும் பட்டியல் டிஸ்க்கில் எழுதப்படும். செய்யாவிட்டால், பதிவு செய்த கருவிக்கு மட்டும் அது திறந்த புத்தகம், வேறு பிராண்டுக்குப் பூட்டிய பெட்டி. அந்த ஐந்தையும் அப்பா ஃபைனலைஸ் செய்திருப்பார், மற்றவற்றில் விட்டுப்போயிருக்கும்.

வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர் இதே மாதிரி ஒரு டிஸ்க்கை என் மேசையில் வைத்து, "காலியாம் சார், கடையில் சொல்லிட்டாங்க" என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் நடுவிலிருந்து பாதி தூரம் வரை ஒரு நிறம், அதற்கு வெளியே இன்னொரு நிறம். பதிவு செய்யாத மைனஸ் ஆர் டிஸ்க்கில் அந்த வளையம் இருக்காது. உங்கள் டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாக அப்படிப் பாருங்கள். வளையம் தெரிந்தால் அப்பாவின் பதிவு உள்ளேதான் இருக்கிறது. அதே மாடல் பானசோனிக் ரெக்கார்டர் தெரிந்தவர் வீட்டில் வேலை செய்யும் நிலையில் கிடைத்தால் அதில் ஃபைனலைஸ் செய்து பார்க்கலாம். டிஸ்க்கில் எதையும் எழுதாமல் கம்ப்யூட்டரில் படித்தெடுக்க ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் உண்டு. ராம் டிஸ்க்குக்கு அதைப் படிக்கும் டிரைவ் வேண்டும். எல்ஜியின் ‘சூப்பர் மல்டி’ டிரைவ்கள் படிக்கும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். ரெக்கார்டர் தயாரித்த கம்பெனி மீது உங்களுக்கு வழக்கு இல்லை. ஒரு பிராண்டில் ஃபைனலைஸ் செய்யாமல் விட்ட டிஸ்க் இன்னொரு பிராண்டில் ஓடாதது உற்பத்திக் குறைபாடு ஆகாது. கையேட்டிலேயே அதைச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கம் போய்ப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

ஆனால் விற்ற கடைக்காரர் நிலை வேறு. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 16-வது பிரிவு சொல்வது இது: என்ன தேவைக்காக வாங்குகிறேன் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். பிராண்டு பெயரைச் சொல்லி, குறிப்பிட்ட மாடல்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்று அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. கடைக்காரரின் வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அப்போது உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு வரி வாட்ஸ்அப் கேள்வி உதவும். நீங்கள் மாடலைத் தேர்ந்தெடுக்கவில்லை. பானசோனிக் டிஸ்க் ஓடுமா என்று கேட்டீர்கள், ஓடும் என்றார். "பழைய பொருள், உள்ளது உள்ளபடி" என்ற வாதம் கீறலுக்கும் தேய்மானத்துக்கும் பொருந்தும், வாட்ஸ்அப்பில் கொடுத்த உறுதிக்குப் பொருந்தாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இல்லாத தன்மையை இருப்பதாகச் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை.

டிஸ்க்கை அழித்த கடை மீதான வழக்கு இன்னும் வலுவானது. உங்கள் பொருளை வேலைக்காக வாங்கி வைத்தவர் அதைத் தன் சொந்தப் பொருள்போல் கவனமாகக் காக்க வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. படித்தெடுக்கக் கொடுத்த டிஸ்க்கில் எழுதிவிடுவது கவனக்குறைவு, அதாவது சேவைக் குறைபாடு. ரசீதில் அச்சடித்த வரியைக் கண்டு பயப்படாதீர்கள். துணி தொலைந்தால் மதிப்பில் 15 சதவீதம்தான் தருவோம் என்று சலவை ரசீதில் அச்சிட்டிருந்த ‘லில்லி ஒயிட்’ வழக்கில், அந்த நிபந்தனை பொதுநலனுக்கு விரோதமானது, செல்லாது என்று 1960-களிலேயே நம் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரசீதுகளில் இந்த மாதிரி வரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். படித்துப் பார்க்காமல் வாங்கிப் பையில் வைக்கிற ஒரு துண்டுக் காகிதம் எல்லாப் பொறுப்பையும் துடைத்துவிடும் என்று எப்படி நினைக்கிறார்கள்!

வெற்றாக வந்த டிஸ்க்கைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் உங்கள் முதல் சாட்சி. வேகமாக ஃபார்மேட் செய்யும்போது பல நேரம் பட்டியல் மட்டும்தான் அழியும், காட்சிகள் அடியில் மிச்சமிருக்கும். விவரம் தெரிந்த ஒருவரிடம் எழுதாமல் அப்படியே முழுப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள், அதை வீடியோவாகவும் பதிவு செய்யுங்கள். அப்புறம் அசல் டிஸ்க்கை உறையில் போட்டு, தேதி எழுதி ஒட்டி வையுங்கள். தேவைப்பட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவின்படி நுகர்வோர் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும். வாட்ஸ்அப் உரையாடலைப் போனிலிருந்து அழிக்காமல், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவில் மின்னணு ஆவணங்களுக்கென்று சொல்லப்பட்ட சான்றிதழோடு தாக்கல் செய்வது நல்லது.

இரண்டு கடைக்கும் தனித்தனியாக ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். காரணமும் எதிர்தரப்பும் வேறு என்பதால் புகாரும் இரண்டாக இருக்கட்டும். விற்ற கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகாரைப் பதிவு செய்து பாருங்கள், ரெக்கார்டர் பணம் அதிலேயே திரும்பி வந்தாலும் வரும்.

எவ்வளவு கேட்பது? ரெக்கார்டர் விலை, கூரியர், பென்டிரைவ் வேலைக்குக் கொடுத்த தொகை, வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை. இருபது லட்சம் என்று எழுதினால் ஆணையம் உங்கள் வலியைப் பார்க்காமல் எண்ணைத்தான் பார்க்கும். அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது, அதற்கு வேறு பிரதி இல்லை என்பதை அம்மா ஒரு பிரமாணப் பத்திரத்தில் தன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். டிஸ்க் உறையின் மேல் அப்பா கைப்பட எழுதிய தலைப்பும் தேதியும் இருந்தால் அதன் நகலையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள்.