பிஸ்கட் வீட்டைக் கட்டுவது யார்?

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்கு என் பேரப்பிள்ளைகள் இருவரும், ஐந்து வயதுப் பேத்தியும் எட்டு வயதுப் பேரனும், என்னிடம் வந்துவிடுவார்கள். சென்ற ஆண்டு வெளிநாட்டுச் செய்முறை ஒன்றைப் பின்பற்றி, இஞ்சி ரொட்டி சுட்டு, சாக்லேட்டை உருக்கி ஒட்டி, பனி மூடிய வீடு ஒன்றைக் கட்டினேன். சுவர்கள் சரிந்தன, பிள்ளைகள் இடையில் கைவைத்ததில் மீதியும் கெட்டது. ஓவன் இல்லாமல் எளிதாகச் செய்ய வழி உண்டா? அளவுகளுடன் கூடிய வரைபடத்தையும் வெளியிடுவீர்களா? எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. கிறிஸ்துமஸ் வழக்கத்தை நாம் செய்யலாமா என்ற தயக்கமும் இருக்கிறது.
– ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, "பிள்ளைகள் இடையில் கைவைத்ததில் மீதியும் கெட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில்தான் உங்கள் சிக்கல் முழுவதும் இருக்கிறது. வீடு அவர்களுக்காக என்றால் இடையில் கைவைத்தவர் நீங்கள். சுவர் சரிந்ததற்கு அவர்கள் பொறுப்பல்லர். டர்பனின் டிசம்பரும் நீங்கள் தேர்ந்தெடுத்த பசையுமே பொறுப்பு.

நீங்கள் பின்பற்றிய செய்முறை, வாசலில் பனி கொட்டும்போது உள்ளே உலர்ந்த காற்றில் அமர்ந்து செய்பவர்களுக்காக எழுதப்பட்டது. சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 பாகை செல்சியஸில் முழுவதும் உருகிவிடும் என்றாலும், அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். வெளியே 28 பாகையை ஒட்டிய வெயிலும் கடற்காற்றின் ஈரமும் இருக்க, ரொட்டி சுட்ட சூடு வேறு அடுக்களையில் தங்கியிருக்கும்போது, அந்தச் சாக்லேட் எந்தச் சுவரைத் தாங்கும்? போதாக்குறைக்குச் சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். சுட்ட ரொட்டியும் சில மணி நேரத்தில் நமுத்துப் போகும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இறுகும் என்று நினைத்து வைக்காதீர்கள். வெளியே எடுத்தவுடன் அதன் மேல் நீர்த்துளி படர்ந்து, பசை முன்பைவிட மோசமாகப் பிசுபிசுக்கும்.

ஆகவே ஓவனை மறந்துவிடுங்கள். வீட்டுச் சுவர் இஞ்சி ரொட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பது விதியுமல்ல. ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட கதையில் காட்டுக்குள் பிள்ளைகள் காணும் வீட்டுக்குக்கூடச் சுவர் வெறும் ரொட்டி, கூரை கேக், சன்னல் சீனி. நமக்கோ எந்தக் கடையிலும் கிடைக்கும் சதுர டென்னிஸ் பிஸ்கட் இருக்கிறது. அமெரிக்கச் செய்முறைகள் கேட்கும் கிரகாம் பிஸ்கட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. பொட்டலத்தை மட்டும் கட்டத் தொடங்கும் நேரம்வரை பிரிக்க வேண்டாம்.

இனி பசை. இதில்தான் நீங்கள் கவனம் செலுத்த வேண்டும். உங்கள் வேலையும் இதோடு முடிகிறது. வழக்கமான பசை, பச்சை முட்டையின் வெள்ளைக் கருவில் ஐசிங் சர்க்கரையை அடித்துச் செய்வது. உங்கள் வீட்டு வழக்கத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் சிறு பிள்ளைகள் விரல் நக்கும் இடத்தில் அது வேண்டாம். அதற்கு மாற்று உங்கள் கையிலேயே இருக்கிறது: சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்து நாம் வடித்துக் கொட்டிவிடும் நீர். உப்பில்லாமல் வேகவைத்த நீரைச் சற்றே சுண்டவைத்து ஆறவிட்டால், முட்டை வெள்ளையைப் போலக் கொழகொழப்பாக வரும்; உப்புச் சேர்க்காத டப்பாக் கடலையின் நீரும் ஆகும். இரண்டு மேசைக்கரண்டி நீரை நுரைக்க அடித்து, நான்கைந்து துளி எலுமிச்சைச் சாறு விட்டு, சலித்த ஐசிங் சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஏறக்குறைய 250 கிராம் பிடிக்கும். கரண்டியைத் தூக்கினால் பசை நுனி வளையாமல் நிற்க வேண்டும். வளைந்தால் இன்னும் சர்க்கரை தேவை. கிண்ணத்தை ஈரத்துணியால் மூடிவைக்காவிட்டால் மேற்புறம் காய்ந்து கட்டிதட்டும். தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றில் நிரப்பி, மூலையை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். சீனியைப் பாகாக உருக்கி ஒட்டச் சொல்லும் செய்முறைகளும் உண்டு. அது இரும்பாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் 160 பாகைக்கு மேல் கொதிக்கும் அந்தப் பாகு சிறு விரலில் பட்டால் உரியும் தோலோடுதான் விடும். பிள்ளைகள் இருக்கும் மேசைக்கு அதைக் கொண்டுவரவே கூடாது.

பேத்தி கட்டும் வீட்டுக்கு மூன்று பிஸ்கட் போதும். ஒன்றைத் தட்டில் படுக்கவைத்து, அதன் இரு ஓரங்களிலும் பசையிட்டு, மற்ற இரண்டையும் உச்சியில் ஒன்றோடொன்று சாயும்படி நிறுத்தினால் குடிசை தயார். சுவர் என்று தனியாக எதுவும் இல்லாததால் சரிவதற்கும் ஒன்றுமில்லை. பேரனுக்கு இது போதாது. 200 மில்லி பழச்சாற்றுப் பெட்டி ஒன்றைக் கழுவி உலர்த்திக் கொடுங்கள். அதைத் தூணாக நடுவில் நிறுத்தி, நான்கு பக்கமும் பிஸ்கட்டை உடைத்து ஒட்டுவான். அளவு சரியாக உடையாத இடத்தைப் பசை மறைத்துவிடும். நடுவில் இருப்பது அட்டைப் பெட்டி, ஆகவே இது உண்ணத்தக்க வீடாகாது என்று யாரேனும் குறை சொல்லக்கூடும். அவர்களுக்கு வெளிச்சுவரைக் கொடுத்து வாயை அடைக்கலாம். சுவரைக் காலையில் ஒட்டினால் கூரையை மாலையில் வைக்கச் சொல்லுங்கள். உலர்ந்த ஊர்களில் ஒரு மணி நேரத்தில் இறுகும் பசை, நம் ஊரில் அரை நாள் கேட்கும். அவனுடைய பொறுமைக்குத்தான் இது சோதனை, உங்களுடையதற்கு அல்ல. அவன் வெளியில் விளையாடப் போன நேரம் பார்த்து நீங்கள் கோணலை நிமிர்த்திவிடக் கூடாது.

அலங்காரத்தில் நான் சொல்ல வேண்டியது இரண்டே. மார்ஷ்மெல்லோ, ஜெல்லி மிட்டாய் வகைகளில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டின் அல்லது பன்றியின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது. முட்டையை விலக்கும் வீட்டில் இதைக் கவனிக்காமல் வாங்கிவிடுவது நான் அடிக்கடி பார்ப்பது. பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். அடுத்தது, ஐந்து வயதுப் பிள்ளையின் எட்டும் தூரத்தில் முழு நிலக்கடலையோ உருண்டையான கெட்டி மிட்டாயோ வேண்டாம், தொண்டையில் அடைக்கும். மற்றபடி முறுக்கை உடைத்து வேலி போடட்டும், தேங்காய்த் துருவலில் பச்சை நிறம் கலந்து புல் விரிக்கட்டும். டர்பனில் வளரும் பிள்ளையின் வீட்டுக் கூரையில் பனி எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை. நிறவெறி ஆட்சியில் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்படுவதற்கு முன், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் நம்மவர் பலர் குடியிருந்தது மரச்சுவரும் தகரக் கூரையுமான வீடுகளில்; வேஃபர் பிஸ்கட்டுகளின் வரிவரியான முகத்தை மேலே வைத்து அடுக்கினால் அந்தத் தகரக் கூரை அப்படியே வந்துவிடும். பேரன் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அவன் விரும்பும் கூரையைப் போடட்டும்.

எறும்பைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டீர்கள். தட்டை ஒரு கிண்ணத்தின் மேல் ஏற்றி, அந்தக் கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்தில் வையுங்கள். இரண்டு நாளைக்கு மேல் காட்சிக்கு வைக்காமல் தின்று தீர்த்துவிடுவது நல்லது. மூன்றாம் நாள் பிஸ்கட் நமுத்துவிடும், பிறகு பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

செய்யலாமா என்ற தயக்கத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. டர்பன் தமிழரில் கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுப் பலகாரம் உங்கள் வீட்டுக்கும், உங்கள் தீபாவளிப் பலகாரம் அவர்கள் வீட்டுக்கும் போய்வந்துகொண்டுதானே இருக்கிறது? அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் புத்தாண்டுக்குச் செய்யுங்கள். பிஸ்கட்டுக்கு நாள்கிழமை தெரியாது.

வரைபடம் வெளியிடப் போவதில்லை. மூன்று பிஸ்கட் குடிசைக்கு அது தேவையில்லை. பெரிய வீட்டுக்கான வரைபடத்தைப் பேரன் ஒரு தாளில் தானே போட்டுக்கொள்ளட்டும். பிஸ்கட்டை அந்தத் தாளின் மேல் வைத்து அளக்க எட்டு வயதுக்குத் தெரியும். வீட்டைத் தின்று முடித்த பிறகு அந்தத் தாளை எங்களுக்கு அனுப்பிவையுங்கள், அதை வெளியிடுகிறோம்.