அசையாத முகம், அசையும் கதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாட்டி சொல்லக் கேட்டு ஒலிப்பதிவு செய்துவைத்த ஒரு நாட்டார் கதையை, ஸ்டாப் மோஷன் முறையில், அதாவது பாவைகளைச் சிறிது சிறிதாக அசைத்து ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாகப் படம்பிடித்து, ஐந்து நிமிடப் படமாக எடுத்து வருகிறேன். பாவைகளை நானே செய்கிறேன். முகத்தில் உணர்ச்சி வரவில்லை. வாயும் புருவமும் மாறும்படி பல முகங்கள் செய்ய வேண்டுமா?

பதில்: பல முகங்களைச் செய்து மாற்றி மாற்றிப் பொருத்துவது இத்தொழிலில் நெடுங்காலமாக உள்ள முறைதான். ஆனால் உங்கள் கதைக்கு அது பொருந்தாது என்றே கருதுகிறேன். நாட்டார் கதையில் வருபவர்கள் தங்கள் மனத்தை விரித்துப் பேசுவதில்லை. இளைய மகன் புறப்படுகிறான், அரக்கன் வழிமறிக்கிறான், மூன்றாம் முறை தட்டியதும் கதவு திறக்கிறது. அவன் அஞ்சினான் என்று ஒரே சொல்லில் கூறிவிட்டுக் கதைசொல்லி மேலே செல்ல, அந்த அச்சம் எவ்வளவு பெரியது என்பதைக் கேட்பவரே தம் மனத்தில் நிரப்பிக்கொள்கிறார். அசையாத முகம் கொண்ட பாவையும் பார்ப்பவரிடம் இதே வேலையைத்தான் ஒப்படைக்கிறது.

செக் கலைஞர் யிர்ஷி த்ரன்கா இதை நன்கு அறிந்திருந்தார். தீட்டி முடித்த முகத்தை அப்படியே விட்டுவிட்டு, விளக்கின் திசை, தலையின் சாய்வு, கேமரா பார்க்கும் கோணம் ஆகியவற்றை மாற்றியே தம் பாவைகளை மகிழவும் கலங்கவும் வைத்தார். 1963இல் ஜப்பானிலிருந்து பிராக் நகருக்குச் சென்று அவரிடம் பயின்ற கிஹாசிரோ கவாமோட்டோ, பின்னர் தம் நாட்டின் நோ நாடகத்தையும் புன்ராகு பாவைக்கூத்தையும் தம் படங்களுக்கு ஆதாரமாக்கிக்கொண்டார். நோ நடிகர் அணியும் மர முகமூடி சற்று மேல்நோக்கிச் சாய்ந்தால் முகம் ஒளிர்கிறது என்றும், கீழ்நோக்கிச் சாய்ந்தால் மேகம் கவிகிறது என்றும் அம்மரபினர் கூறுவார்கள். முகமூடி ஒன்றுதான், நிழல் விழும் இடம் மட்டுமே மாறுகிறது.

ஆகவே முகத்தைச் சிரிப்பும் சோகமும் அல்லாத ஒரு நடுநிலையில் வடித்து, புருவ மேட்டைச் சிறிது முன்தள்ளி, கண்குழியை ஆழப்படுத்தி, உதட்டோரங்களில் மெல்லிய பள்ளம் வையுங்கள். பிறகு பக்கவாட்டில் உயரமாக ஒரே ஒரு விளக்கை வைத்து, தலையைச் சிறிது சிறிதாகச் சாய்த்து இருபது படங்கள் எடுத்து வரிசையாக அடுக்கிப் பாருங்கள். அந்த ஒரு முகத்துக்குள் எத்தனை முகங்கள் இருக்கின்றன என்பதை நீங்களே காண்பீர்கள். எனக்கு இன்றும் அது வியப்பளிக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வினாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனிப்படங்கள், ஓடும் படத்தில், ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃப்ரேம்களுக்கு வைத்தால், ஒரு வினாடிக்கு 12 நிலைகளும் ஐந்து நிமிடங்களுக்கு 3,600 நிலைகளும் தேவைப்படும். இந்தக் கணக்கைப் பார்த்ததும், ஒவ்வொரு நிலையிலும் எதையாவது அசைத்தே தீர வேண்டும் என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அசைவுக்கு எடையைத் தருவது அதற்கு முன்னும் பின்னும் உள்ள நிறுத்தம்தான். உங்கள் பாட்டி எந்த இடத்தில் மூச்சை இழுத்து நிறுத்தினார், எந்தச் சொல்லை நீட்டினார் என்பது ஒலிப்பதிவில் இருக்கிறதல்லவா? அந்த இடைவெளிகளை வினாடிக் கணக்கில் அளந்து, ஃப்ரேம் அட்டவணையில் முதலில் அவற்றைக் குறித்துவிட்டு, அதன் பிறகே அசைவுகளை நிரப்புங்கள். அவருடைய குரல் படத்தில் ஒலிக்காவிட்டாலும் அவர் கதை சொன்ன நடை அதில் தங்கிவிடும்.

கேள்வி: எடுத்த காட்சியை ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் துடிக்கிறது. என்ன காரணம்?

பதில்: கேமராவில் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வின் அளவு), ஒயிட் பேலன்ஸ் (வெண்மையின் நிறச் சமநிலை), ஃபோகஸ் ஆகிய எதுவும் தானியங்கியாக இருக்கக் கூடாது. ஜன்னலை முழுவதும் மூடுங்கள். பகல் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். இவற்றைச் சரிசெய்த பிறகும் துடித்தால், லென்ஸின் துளை ஒவ்வொரு படத்துக்கும் மயிரிழை வேறுபட்டு மூடுகிறது என்று கொள்ளலாம். துளையைக் கையால் திருகி வைக்கும் பழைய லென்ஸ் அதற்குத் தீர்வு. வெளிர்நிறச் சட்டையில் பட்டுத் திரும்பும் ஒளியும் காட்சியில் தெரியும் என்பதால், கறுப்பு உடை அணிந்து, படம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நில்லுங்கள்.

கேள்வி: தொகுப்பு நூல் ஒன்றில் படித்த நாட்டார் கதையைப் படமாக்கலாமா? அதன் முடிவு கொடூரமாக இருப்பதால் மாற்றிவிட எண்ணுகிறேன்.

பதில்: வாய்மொழியாக வழங்கும் கதை பொதுவாக எவருடைய தனியுடைமையும் அன்று. ஆனால் ஒருவர் அதைத் தம் நடையில் எழுதியிருந்தால் அந்த எழுத்துக்கு உரிமை உண்டு. ஆகவே வேறு வடிவங்களையும் தேடிப் படித்து, கேட்டு, உங்கள் சொற்களில் அமைத்துக்கொள்ளுங்கள். சட்டம் இத்துடன் நின்றாலும் பொறுப்பு நிற்பதில்லை. வாய்மொழி மரபுகளையும் பண்பாட்டுச் செல்வமாகக் கொண்டு காக்க வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. சில கதைகள் சடங்கின் பகுதியாக மட்டுமே சொல்லப்படுபவை; அவற்றை அச்சமூகத்தாரிடம் கேளாமல் தொடக் கூடாது. கதை எந்த மக்களிடம், எவர் வழியாகக் கிடைத்தது என்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே குறிப்பிடுங்கள். அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு மக்களின் ஆடை வேலைப்பாட்டை வேறொரு மக்களின் கதைமாந்தருக்கு அணிவிப்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

முடிவை மாற்ற வேண்டாம் என்று வேண்டிக் கேட்கிறேன். அந்தக் கொடுமையை அஞ்சியே கதை பிறந்திருக்கலாம். காட்டும் விதத்தை மாற்றுங்கள். ஜெர்மன் நிழலுருவப் படக் கலைஞர் லோட்டே ரைனிகர் கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் வெட்டி உருவாக்கிய நிழலுருவங்களைக் கொண்டே, ஆயிரத்தோர் இரவுகள் கதைகளைத் தழுவி, 1926இல் ஒரு முழுநீளப் படத்தை வெளியிட்டார். அந்த ஒரு காட்சியை மட்டும் நிழலுருவமாக எடுத்தால் குருதியைக் காட்டாமலே நிகழ்ந்ததை உணர்த்த முடியும்.

கேள்வி: பாவையின் முழங்கால் கம்பி அடிக்கடி முறிகிறது.

பதில்: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளையும் அலுமினியக் கம்பி களைத்து முறிவது இயல்பு. தனிக் கம்பிக்குப் பதிலாக மெல்லிய கம்பிகள் இரண்டு மூன்றை முறுக்கிச் சேர்த்துக்கொண்டு, மூட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளை எபாக்சி பசையால் எலும்புபோல இறுக்கிவிட்டால், மூட்டு மட்டுமே வளையும். கால்களை இடுப்பில் கழற்றி மாட்டும்படி அமைத்து, மாற்றுக் கால்களை முன்கூட்டியே செய்துவையுங்கள். நீண்ட நடைக்காட்சியைத் தொடங்குமுன் புதிய கால்களைப் பொருத்திவிடுவது நல்லது. நடுவில் முறிந்தால் அதே நிலையில் பாவையை மீண்டும் நிறுத்துவது மிகக் கடினம்.